சம்பந்திகள் ஆறு பார்க்கப் போனது

பிப்ரவரி 6

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நான் இங்கே சுகம். முழங்கால் மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறது, மற்றபடி குறையில்லை. உங்கள் உடம்பும் சம்பந்தி ஐயாவின் உடம்பும் எப்படி இருக்கின்றன? கண்ணாடிக் கடையில் வியாபாரம் பரவாயில்லையா?

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் ஊரார் பேச்சைக் கேட்டுக் கேட்டு, எனக்கு முன்னாலேயே என் இடது காது ஓய்வு வாங்கிக்கொண்டது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் கத்தி, நீங்கள் கத்தி, நம் வீட்டுச் செய்தி இரண்டு தெருவுக்குப் போய்ச் சேர வேண்டாம். நமக்குக் காகிதம்தான் சரி.

விஷயம் இதுதான். உங்கள் மகளும் என் மகனும் கல்யாணமாகி அந்த ஊரில் குடித்தனம் வைத்து எவ்வளவு காலமாகிறது! எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து அந்த ஊர் ஆற்றங்கரையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நகரத்துக்கு நட்டநடுவில் படகும் கடையும் நடைபாதையுமாக அப்படி இருக்குமாம். பெற்ற நாம் இருவரும் இன்னும் பார்த்தபாடில்லை. போன தடவை நான் போனபோது பஸ் ஜன்னலில் ஒரு துண்டுத் தண்ணீர் தெரிந்தது. நன்றாகப் பார்ப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

நாம் இருவர் மட்டும் போய் வந்தால் என்ன? வெறும் சுற்றுலா. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். சொன்னால் லீவு போடுகிறேன், கூட்டிப்போகிறேன் என்று அல்லாடுவார்கள். ஆற்றுக்குப் பக்கத்திலேயே லாட்ஜுகள் உண்டாம். அங்கே தங்கிக்கொள்ளலாம்.

வயதான காலத்தில் இதென்ன கூத்து என்று தோன்றினால் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். சம்மதமென்றால் ஒரு வரி எழுதுங்கள். ஐயாவுக்கு என் வணக்கம்.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 17

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் நலமே. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா, இல்லை பேச்சோடு சரியா?

கூத்தெல்லாம் இல்லை. இத்தனை நாள் நமக்கு இது தோன்றவில்லையே என்றுதான் இருக்கிறது. இவரிடம் சொன்னேன். "அந்தப் பாலத்து மேல எத்தனை வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். அங்க பாக்க என்ன இருக்கு?" என்றார். "கீழ ஆறு இருக்கே" என்றேன். "ரோட்டப் பாத்து ஓட்டுறவனுக்கு ஆறு எதுக்கு?" என்று சொல்லிப் பேப்பரை விரித்துக்கொண்டார். அந்தப் பேப்பரையும் இப்போது மூக்குக்கு முட்டுகிற மாதிரி வைத்துத்தான் படிக்கிறார். கண்ணில் புரை. டாக்டரிடம் வரமாட்டேன் என்று அடம்.

லாட்ஜில் தங்கலாம் என்றீர்களே, அதுதான் நல்லது. அவர்கள் வீடு சின்னது. நாம் போய் இறங்கினால் உங்கள் மருமகள் படுக்க இடம் தேடுவாள். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம் என்பதும் சரிதான்.

உங்கள் மருமகள் நன்றாக இருக்கிறாள். கட்டட ஆபீஸில் வரைபட வேலை தலைக்கு மேல் இருக்கிறதாம். மாப்பிள்ளையும் நன்றாக இருப்பார்.

கடையை இரண்டு நாள் பூட்டினால் ஒன்றும் குடி முழுகாது. நாள் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
கண்ணாடிக்கடை சம்பந்தி


மார்ச் 1

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு முழங்கால் வலியே தெரியவில்லை. ஒத்தடம் பேச்சோடு சரிதான், கண்டுபிடித்துவிட்டீர்கள். ஐயாவைக் கையைப் பிடித்து இழுத்தாவது டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் அறை போட்டிருக்கிறேன். இரண்டு கட்டில், ஆற்றைப் பார்த்த ஜன்னல். பக்கத்து வீட்டுப் பெண் அந்த இடத்தின் விளம்பரத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் தண்ணீர் நீல மை கொட்டியது போல இருக்கிறது. படகில் அரை மணி நேரம் சுற்றிக் காட்டுவார்களாம். பழைய சரக்குக் கிடங்குகளையெல்லாம் கடைகளாக்கிவிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை என் பையன் பேசினான். சோறு குழையாமல் வடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டானாம். "லிப்டுல மாட்டிக்கிட்டவங்கள எல்லாம் வெளிய எடுக்குற, நீ அடுப்படியில மாட்டிக்கிட்டா யாருடா எடுப்பா?" என்று கேட்டேன். வழக்கமாக இதற்குச் சிரிப்பான்.

உங்களிடம் நேரில் பேச ஒன்றிரண்டு விஷயமும் இருக்கிறது. அவசரமில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசலாம்.

வெயிலுக்குக் குடை கொண்டுவாருங்கள்.

உங்கள் சம்பந்தி


மார்ச் 20

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் இவர் கண்தான் காலை வாரிவிட்டது.

டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேஷனை இனியும் தள்ளக்கூடாது என்று ஏப்ரலிலேயே நாள் கொடுத்துவிட்டார். கண்ணாடிக் கடைக்காரி புருஷனுக்கே கண் தெரியவில்லை என்று தெருவில் பேச்சு. சொட்டு மருந்து, ரத்தப் பரிசோதனை என்று அலைச்சல். இந்த நேரத்தில் நான் ஆறு பார்க்கக் கிளம்பினால் நன்றாக இருக்காது. மன்னித்துக்கொள்ளுங்கள். அறையை ரத்து செய்துவிடுங்கள். வெயில் காலம் போகட்டும், பிறகு பார்ப்போம்.

நேரில் பேச ஏதோ இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவசரமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியே இருக்கட்டுமே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கண்ணாடிக்கடை சம்பந்தி


ஏப்ரல் 4

அன்புள்ள சம்பந்திக்கு,

ஐயாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. அதிகமாகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். நான் அறையை ரத்து செய்யவில்லை. ஆற்றங்கரை லாட்ஜில் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இரண்டாவது கட்டிலில் என் பையையும் குடையையும் படுக்க வைத்திருக்கிறேன்.

வரவேற்பு மேஜைப் பெண் "தனியாவா வந்திருக்கீங்கம்மா?" என்று கேட்டாள். "கூட வர்றவங்களுக்குக் கொஞ்சம் வேலை" என்றேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தண்ணீர் நீலமே இல்லை. பால் குறைந்த டீயின் நிறம். ஆனால் ஒரு குறையும் தெரியவில்லை. காலையில் நடைபாதையைக் குழாய் வைத்துக் கழுவுகிறார்கள். கல் காய்வதற்கு முன்பே கூட்டம் வந்துவிடுகிறது. எல்லா ஊர் ஆட்களும் ஒரே மாதிரிதான் நடக்கிறார்கள்: பத்தடி நடப்பது, ஆற்றைப் பார்ப்பது, பிள்ளையை அதட்டுவது, மறுபடி பத்தடி. சரக்குக் கிடங்கின் சுவரில் மூட்டை தூக்கிய இரும்புக் கொக்கி இன்னும் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே ஐஸ்கிரீம் கடை. படகுத் துறைக் கம்பத்தில் ஒரு நீர்க்காகம் இரண்டு சிறகையும் விரித்து வெயிலில் காயப்போட்டுக்கொண்டு நின்றது. இத்தனை ஆரவாரத்திலும் அதற்கு அவசரமே இல்லை.

சாயங்காலம் படகில் போனேன். ஏறும்போது முழங்கால் மக்கர் பண்ணியது. ஒரு பெண் கை கொடுத்து ஏற்றிவிட்டாள். என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வழிகாட்டிப் பையன் ஒலிபெருக்கியில் சொன்னது எனக்குக் கொரகொரவென்றுதான் கேட்டது. அவள் என் வலது காதுப் பக்கம் மாறி உட்கார்ந்து, இது பழைய சுங்கச்சாவடி, அது முதல் பாலம் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். பாலத்துக்கு அடியில் போகும்போது எல்லாரும் குரல் கொடுத்து எதிரொலி கேட்டார்கள். அவள் கொடுக்கவில்லை. தண்ணீர் தெறித்துக் கண்ணாடி நனைந்தது. கழற்றி, துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடைத்து, கையை நீட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, அதன் பிறகுதான் மாட்டிக்கொண்டாள்.

இறங்கியதும் வேகவைத்த சோளம் வாங்கிக் கரைப்படியில் உட்கார்ந்து தின்றோம். நல்ல பெண். யார் பெற்ற பெண்ணோ, நன்றாக வளர்த்திருக்கிறார்கள்.

ஐயாவின் கண் பற்றி எழுதுங்கள். காத்திருப்பேன்.

உங்கள் சம்பந்தி


மே 5

அன்புள்ள சம்பந்திக்கு,

ஆற்றங்கரையிலிருந்து போட்ட கடிதம் வந்து சேர்ந்ததா? ஐயாவுக்குக் கட்டு அவிழ்த்துவிட்டார்களா? தலைக்குக் குளிக்க விடாதீர்கள்.

நான் காதுக்கு மிஷின் வாங்கிவிட்டேன். பக்கத்துத் தெருக் குக்கர் விசில் கேட்கிறது, எதிரே நிற்கிறவர் பேசுவது கேட்பதில்லை. பழகிவிடும் என்கிறார்கள். வேறு விசேஷமில்லை. உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது எழுதினால் போதும்.

உங்கள் சம்பந்தி


ஜூன் 11

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

இவருக்கு ஒரு கண் முடிந்து நன்றாகத் தெரிகிறது. இன்னொன்று மழைக்காலத்துக்கு முன்பு. நான் நலம். உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. இத்தனை நாள் பதில் போடாததற்கு இவர் கண்ணைக் காரணம் சொல்லலாம். மார்ச்சில் சொன்னது போதும்.

எங்கள் கடையில் யார் கண்ணாடி துடைத்தாலும் நான் சொல்லிக் கொடுத்தபடிதான் துடைக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு. பிறகு கையை நீட்டி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காமல் மாட்டினால் மண்டையில் ஒரு குட்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய ஒருத்திக்குத்தான் அந்தக் குட்டு அதிகம் விழுந்தது.

படகில் உங்களுக்குக் கை கொடுத்தது என் மகள்தானே?

எனக்கு ஜனவரியிலேயே தெரியும், அம்மா. தனியாகப் போய்விட்டேன், பெண்கள் விடுதியில் இருக்கிறேன் என்று அவள் போனில் சொன்னாள். அத்தைக்குத் தெரிந்தால் உடைந்துபோவார்கள், நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். நான் உங்கள் கடிதத்துக்கெல்லாம் "உங்கள் மருமகள் நன்றாக இருக்கிறாள்" என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஏப்ரலில் உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆபரேஷன் நாளை ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கலாம். டாக்டர் சரியென்றுதான் சொன்னார்.

என்ன பேசினாள் உங்களிடம்? அழுதாளா? எங்களிடம் அழுவதில்லை. இவருக்கு இன்னும் சொல்லவில்லை.

சோளம் வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி.

பாப்பாவின் அம்மா


ஜூன் 17

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

நீங்களும் ஐயாவும் நலம் என்று படித்து நிம்மதி. நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அவள்தான். அழவில்லை.

என் பையனும் ஜனவரியிலேயே சொல்லிவிட்டான். உங்களிடம் சொல்லக்கூடாது என்று அவனும் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். பிள்ளைகள் நம்மைச் சேர்த்து வைத்து முட்டாளாக்கியிருக்கிறார்கள். உங்களிடம் நேரில் சொல்லிவிடத்தான் அந்தச் சுற்றுலாவே. நீங்கள் வராததால் எனக்குத் தனியாக ஆற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வரவேற்பு மேஜைப் பெண்ணை விட்டு உங்கள் மகளுக்குச் செய்தி அனுப்பச் சொன்னேன். ஆபீஸ் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட இல்லாமல் ஓடி வந்தாள். ஆஸ்பத்திரி என்று நினைத்துவிட்டாளாம்.

"சும்மா ஆறு பாக்க வந்தேம்மா" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, வாங்க அத்தை, படகுல போலாம்" என்றாள். படகில் ஊர்க்கதை மட்டும்தான். கரைப்படியில் உட்கார்ந்த பிறகு அவளாகவே ஆரம்பித்தாள்.

"நாங்க சண்டை போடல, அத்தை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருப்போம்."

"பின்ன என்னம்மா?"

"வீட்டுக்கு வந்தா ஆளுக்கொரு ரூம்ல லைட்டப் போட்டுட்டு உக்காந்திருப்போம். ஒரு நாள் கரண்ட் போச்சு. ஒரு மெழுகுவத்திதான் இருந்துச்சு, அதனால ஒரே மேஜைக்கு வந்தோம். அப்பவும் பேச ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் மெழுகுவத்தியவே பாத்துட்டு இருந்தோம். அன்னிக்குத் தெரிஞ்சுது."

நான் என் சோளத்தில் பாதியை ஒடித்து அவள் கையில் வைத்தேன்.

"அவர் நல்லவர், அத்தை. அதனாலதான் இவ்வளவு நாள் ஆச்சு" என்றாள்.

உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதையும் அவள்தான் சொன்னாள். அம்மாவே உங்களிடம் சொல்லட்டும், அதுவரை கேட்காதீர்கள் என்றாள். சரி என்றேன். அப்புறம் உங்களுக்கு அந்தக் கடிதம் எழுதும்போது கண்ணாடி துடைத்ததையும் எழுதிவிட்டேன். வாய் மூடிக்கொள்கிறேன் என்றுதானே ஒப்புக்கொண்டேன், கையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு, என் பையன்மீது உங்களுக்குக் கோபம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். நான் கேட்டுக்கொள்கிறேன். எனக்கே இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
அவனுடைய அம்மா


ஜூலை 2

அன்புள்ள அம்மாவுக்கு,

சம்பந்தி என்று எழுதப் போய்ப் பேனா நின்றுவிட்டது. பிள்ளைகள் வக்கீலிடம் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். இனி நான் உங்களை என்னவென்று எழுதுவது? எனக்குத் தெரிந்த உறவுமுறை எதிலும் இதற்குச் சொல் இல்லை. வயதில் பெரியவர், அம்மா என்றே இருக்கட்டும். முழங்கால் எப்படி இருக்கிறது?

மாப்பிள்ளைமீது எனக்குக் கோபம் இருந்தது. உங்கள் கடிதத்தில் அந்த மெழுகுவர்த்தி வந்த பிறகு, கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "அந்த வீட்டோட இனி நமக்கு என்ன பேச்சு? கடுதாசியெல்லாம் போதும்" என்றார். "அவங்க என்ன பண்ணினாங்க?" என்று கேட்டேன். "அவங்க வீட்டுல பொண்ணக் குடுத்தோம்ல?" என்றார். அதற்கு மேல் அவரிடம் வாதாட முடியாது. பஸ்ஸை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்ட மாதிரி எழுந்து போய்விட்டார்.

அதனால் ஒன்று செய்யுங்கள். இனிமேல் கடை விலாசத்துக்கு எழுதுங்கள். கடைத் தபாலை நான்தான் வாங்குவேன். இவர் கண்ணில் படாது.

பதிலை எதிர்பார்த்து,
பாப்பாவின் அம்மா


ஜூலை 9

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

முழங்கால் தேவலை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது, யாருக்கும் தெரியாமல் பேசுகிறவர்களின் குரல் எனக்கு "ஹலோ" என்ற ஒரே சொல்லில் தெரிந்துவிடும். எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அந்தக் குரல் சுருங்கித்தான் இருக்கும். நாம் அந்தக் குரலில் எழுதிக்கொள்ள வேண்டாம். கடை விலாசம் எனக்கு வேண்டாம்.

ஐயா பெண்ணைப் பெற்றவர். அவர் மனசு ஆற வேண்டும். உங்கள் வீட்டு வாசலுக்கே என் கடிதம் வரலாம் என்று ஆகும்போது எழுதுகிறேன். ஆகாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய்.

பாப்பாவை அடிக்கடி போய்ப் பாருங்கள். நிறையச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அவனுடைய அம்மா


செப்டம்பர் 14

சம்பந்தி அம்மா அவர்களுக்கு வணக்கம்.

எனக்குக் கடுதாசி எழுதிப் பழக்கமில்லை. டெப்போவில் விளக்கம் கேட்டால் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

போன வாரம் இன்னொரு கண்ணும் ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்போது எதிர்வீட்டுச் சுவரில் பல்லி போவதுகூடத் தெரிகிறது. தெரிய வேண்டாததும் தெரிகிறது. தபால்காரர் வரும் நேரத்தில் இவள் கடை வாசலுக்கு வந்து நிற்கிறாள். ஒன்றுமில்லையா என்று கேட்கவும் மாட்டாள். அவர் சைக்கிள் போன பிறகும் நிற்கிறாள், பிறகு உள்ளே போய் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன்.

எனக்குக் கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. என் மகள்மேல் காட்ட முடியாது. உங்கள் பிள்ளை என் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். கைக்கு எட்டிய தூரத்தில் நீங்கள் இருந்தீர்கள், உங்கள்மேல் போட்டுவிட்டேன். அது சரியில்லை.

நீங்கள் எழுதுங்கள். வீட்டு விலாசத்துக்கே எழுதுங்கள். அந்த ஆற்றுக்கும் இவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் சோறு வடித்துக்கொள்வேன்.

நான் எழுதியது இவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓட்டுநர் (ஓய்வு)


நவம்பர் 8

பாப்பாவின் அப்பாவுக்கு,

சாப்பிட்டீர்களா? சொட்டு மருந்தை வேளைக்கு விட்டுக்கொள்கிறீர்களா? நாங்கள் இருவரும் சௌக்கியம். போனில் சொன்னால் "சரி, சரி" என்று பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் லாட்ஜில் காகிதம் கேட்டு வாங்கி எழுதுகிறேன். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்துக் கட்டிலில் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் முறைத்ததால்தான் கொடுக்கிறார்கள்.

உங்கள் பாலத்தைப் பார்த்தேன். கீழே ஆறு இருக்கிறது, நம்புங்கள். இரண்டு நாளாகக் கரையிலேயே கிடக்கிறோம். காலையில் கழுவின கல்லில் நடக்கிறோம், பெஞ்சில் உட்காருகிறோம், போகிற வருகிற பெண்களின் செருப்பைக் குறை சொல்கிறோம். இவர்களோடு இவ்வளவு சிரிப்பேன் என்று நினைக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் பேசியதெல்லாம் "மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும், மருமகளுக்கு என்ன பிடிக்கும்" என்றுதான். எங்கள் இருவருக்கும் என்ன பிடிக்கும் என்று இப்போதுதான் கேட்டுக்கொள்கிறோம். அவர்களுக்குப் பாட்டுப் பிடிக்காதாம். எக்ஸ்சேஞ்சில் லைன் காத்திருக்கும்போது போடுகிற பாட்டைக் கேட்டே சலித்துவிட்டதாம்.

இன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். சத்தியமாக நாங்கள் ஏற்பாடு செய்யவில்லை. இவர்களுடைய காது மிஷினுக்கு பேட்டரி தீர்ந்துபோய், பையனை வாங்கி வரச் சொன்னார்கள். எனக்கு அது தெரியாது. வேலை முடிந்ததும் படகுத் துறைக்கு வா என்று நான் பாப்பாவுக்குச் சொல்லியிருந்தேன். இவர்களுக்கு அது தெரியாது. நாங்கள் படகுக்கு வரிசையில் நிற்கும்போது இந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையும் அந்தப் பக்கத்திலிருந்து பாப்பாவும் வந்துவிட்டார்கள்.

அவர் மெலிந்திருக்கிறார். லிப்ட் கம்பெனிச் சட்டை தோளில் தொங்குகிறது. என்னைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை, பாவம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் நகருங்கள் என்கிறார்கள், இவர் நகராமல் நிற்கிறார்.

"அத்தைன்னே கூப்பிடுங்க" என்றேன். "அத்தைங்கிறது என்ன வாடகை வீடா, காலி பண்ணிட்டுப் போக?"

அவர் சிரித்தார். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாமா கண்ணு எப்படி இருக்கு, அத்தை?" என்று கேட்டார். பல்லி தெரிகிறது என்று சொன்னேன்.

பாப்பா அவரிடம், "சாப்பிட்டியா?" என்றாள். "ம். நீ?" என்றார். அவ்வளவுதான். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, இருவருமே. சேர்ந்துவிடுவார்களோ என்று நீங்கள் உடனே நினைப்பீர்கள். நினைக்காதீர்கள். மாட்டார்கள். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவள் நான், எனக்கு இது தெரியும். ஒரே ஆபீஸில் முன்பு வேலை பார்த்தவர்கள் தெருவில் சந்தித்துக்கொண்ட மாதிரி இருந்தார்கள். எனக்கு நெஞ்சு வலிக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். வலித்தது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை.

நாலு பேருமாகவே படகில் போனோம். பாலத்துக்கு அடியில் எல்லாரும் குரல் கொடுத்தபோது இவர்கள் "ஹலோ, நம்பர் ப்ளீஸ்!" என்று கத்திவிட்டார்கள். அது எதிரொலித்துத் திரும்பி வந்தது. பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

இறங்கியதும் படம் எடுக்கிற ஒருவர் பிடித்துக்கொண்டார். ஆற்றங்கரைக்கு வருகிற யாரையும் அவர் விடுவதில்லை. "ஃபேமிலியா? வாங்க, வாங்க, இப்படி நில்லுங்க" என்று நாங்கள் வாய் திறப்பதற்குள் கைப்பிடிக் கம்பி ஓரமாக நிறுத்திவிட்டார். "பெரியவங்க ரெண்டு பேரும் ஓரத்துல. சார், மேடம், நீங்க ரெண்டு பேரும் நடுவுல. இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க சார். என்ன, கோவமா?"

பிள்ளைகள் இருவரும் அசையவில்லை. பாப்பா தன் பையின் வாரைச் சரி செய்தாள். மாப்பிள்ளை தண்ணீரைப் பார்த்தார். அந்த மனிதர் கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருக்கிறார்.

இவர்கள்தான் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். பேட்டரியை இன்னும் மிஷினில் போடவில்லை, படம் எடுக்கிறவர் சொன்னது பாதி கேட்டிருக்காது. பிள்ளைகளுக்கு நடுவில் புகுந்து, நாங்கள் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். பாப்பா என் பக்கம், மாப்பிள்ளை தன் அம்மா பக்கம். "ம், இப்ப எடுப்பா" என்றார்கள் இவர்கள். அவர் எடுத்தார்.

படம் நன்றாக வந்திருக்கிறது. இரண்டு பிரதி வாங்கினோம்.

இவர்களையும் கையோடு கூட்டி வருகிறேன், ஒரு வாரம் நம்மோடு இருக்கட்டும். முன்னறைக் கட்டிலில் குவித்து வைத்திருக்கும் பழைய பேப்பரையெல்லாம் எடுத்துவிடுங்கள். சுவரில் அடிக்க நல்ல ஆணியாக ஒன்று தேடி வையுங்கள்.

பாப்பாவின் அம்மா